ரெண்டு ஹாரன்

சுவருக்கும் வண்டியின் மூக்குக்கும் நடுவில் புவனா கையைச் செருகிப் பார்த்தாள். மூன்று விரல் போயிற்று. நாலாவது விரல் நுழையவில்லை. முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து தரையைப் பார்த்தாள். பாசி பிடித்த சிமெண்டில் டயர் வழுக்கிய தடம் கேட் பக்கமிருந்து சுவர் வரைக்கும் நீளமாக விழுந்து கிடந்தது.

“அக்கா, உள்ள எல்லாரும் உன்னைத்தான் தேடறாங்க. வந்து அப்பாகிட்ட உக்காரு” என்றான் தம்பி அகிலன். ஷெட் வாசலில் ஈரத்துண்டோடு நின்றான்.

“ஏலே, அப்பா என்னிக்காவது வண்டிய இப்படி மூக்கை முட்டி நிறுத்தி நீ பார்த்திருக்கியா?”

அகிலன் துண்டைப் பிழிந்தான். அவன் பார்த்ததில்லை. செண்பகனூரில் யாருமே பார்த்ததில்லை.

புவனா பழனி அடிவாரத்தில் பொரிகடலைக் கடை வைத்திருக்கும் வீட்டுக்கு வாக்கப்பட்டவள். தைப்பூசக் கூட்டத்தில் எவன் கடலையை அள்ளி மடியில் கட்டுவான் என்று அவன் நடையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மிச்ச இரண்டு பேர் பாவம், சும்மாவே வசவு வாங்கிக்கொண்டு போவார்கள். விடியுமுன் கிளம்பி மலையேறி வந்தவள், கண்ணாடிப் பெட்டி மேல் விழுந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு எழுந்து நேராக ஷெட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த மாதிரி ஒரு வண்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்றே ஒன்று. முட்டையைப் படுக்கவைத்த மாதிரி உடம்பு. பக்கவாட்டில் கதவு கிடையாது; முகமேதான் கதவு. பிரிட்ஜைத் திறக்கிற மாதிரி முன்பக்கத்தைத் திறந்தால் ஸ்டியரிங்கும் அதோடு சேர்ந்து வெளியே வரும். ஏறி உட்கார்ந்து முகத்தை இழுத்துச் சாத்திக்கொள்ள வேண்டும். மிஷன் பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரம்மா ஒருத்தி சொந்த ஊருக்கே திரும்பிப் போனபோது, தன் பங்களாவுக்கு வயரிங் செய்துகொடுத்த சுப்புராஜின் கையில் சாவியைத் திணித்துவிட்டுப் போனாள். அது புவனா பிறப்பதற்கு முந்தின வருஷம். இந்தியாவிலேயே இப்போது ஒரு கை விரலுக்குள்தான் இருக்கும் என்று வந்து பார்த்தவர்கள் சொல்வார்கள். சுப்புராஜுக்கு அதெல்லாம் காதில் ஏறாது. காரட்டும் பீன்ஸும் வாங்கக்கூட அதில்தான் போவார்.

அதில் ஒரே ஒரு தொல்லை. ரிவர்ஸ் கியர் கிடையாது. வெள்ளைக்காரர் ஊரில் மோட்டார்சைக்கிள் லைசன்ஸ் வைத்திருப்பவனும் ஓட்டலாம் என்பதற்காக அதை இல்லாமலே செய்தார்களாம். மூக்கைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிவிட்டால் தீர்ந்தது கதை. கதவையும் திறக்க முடியாது, வண்டியைப் பின்னாலும் எடுக்க முடியாது. கூரையில் ஆள் எழுந்து வருகிற அளவுக்கு ஒரு கேன்வாஸ் துணி இருந்தது. கொடைக்கானல் மழைக்கு அது ஒழுகுகிறதென்று சுப்புராஜ் எப்போதோ தகரம் அடித்துவிட்டார்.

ஆகவே வண்டி ஷெட்டுக்குள் பின்பக்கமாகத்தான் போகும். சுப்புராஜ் அதன் முதுகு கேட்டைப் பார்க்கிற மாதிரி ரோட்டில் நிறுத்தி, ரெண்டு ஹாரன் அடிப்பார். எதிரே தைலமும் சாக்லேட்டும் விற்கிற அமானுல்லா கடையிலிருந்து இறங்கி வந்து, மூக்கில் கை வைத்துத் தள்ளுவார். சாக்கடைப் பலகையின் மேட்டைத் தாண்டினால் அப்புறம் சரிவு. வண்டி தானாக உள்ளே இறங்கும். அமானுல்லா ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். கை பிரேக் செத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. இந்தச் சோலிக்கு வீட்டில் ‘முட்டைய அடைவைக்கிறது’ என்று பேர். நாற்பத்தைந்து வருஷமாக அமானுல்லா ஒரு நாள் தவறினதில்லை. பெருநாளன்று புதுச்சட்டையோடு வந்து தள்ளிவிட்டுப் போவார். “எங்க மாமா இல்லாட்டி அப்பா ரோட்டுலதான் படுக்கணும்” என்று சின்னப்பிள்ளையில் புவனாவே கேலி செய்திருக்கிறாள்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மூக்கு சுவரில் முட்டிய அந்த வண்டிக்குள்தான் அவளுடைய அப்பா செத்துக் கிடந்தார். கண்டுபிடித்தது அமானுல்லா. அவர் கத்திக் கூப்பிட்டு, ரோட்டில் போன நாலு பேர் வந்து வண்டியைப் பின்னால் இழுத்து, கதவைத் திறந்து ஆளை எடுத்திருக்கிறார்கள். அவர்கள் கையை விட்டதும் வண்டி மறுபடி உருண்டு பழைய இடத்திலேயே போய் முட்டிக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மாரடைப்பு என்று சொல்லிவிட்டார். சேதி கேட்டு ராத்திரி ஓடிவந்த அகிலனுக்கு அது போதும். புவனாவுக்குப் போதவில்லை.

“அப்பா தானா இப்படி நிறுத்தவே மாட்டாரு. யாரோ அவரை உள்ள வச்சு, மூக்கு முட்டத் தள்ளிவிட்டிருக்காங்க” என்றாள்.

“யாருக்கா தள்ளுவா? தள்ளி என்ன வந்துரப் போகுது?”

“வண்டி வரும்ல?”

அவள் யாரைச் சொல்கிறாள் என்று அகிலனுக்குத் தெரியும். இரண்டு மாசத்துக்கு முன்னால் அமானுல்லா கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தரைக் கூட்டிவந்து வண்டியைக் காட்டினார். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கிற ஆள். அப்பா போனில் அதைச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே புவனாவுக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் அப்பா எதைச் சொன்னாலும் அதில் அமானுல்லா வந்தார். அமான் யாருக்கோ போன் போட்டான், அமான் படம் எடுத்து அனுப்பினான். போன வெள்ளிக்கிழமை அவளால் தாங்க முடியவில்லை. அமானுல்லாவுக்கே போன் போட்டுவிட்டாள்.

“இனிமே நீங்க எங்கப்பா வாசப்படி மிதிக்கக் கூடாது பாய். வண்டிப் பக்கமே வரக் கூடாது. வந்தீங்கன்னு தெரிஞ்சா நடக்கிறதே வேற.”

பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டவரை அன்றைக்குத்தான் முதல் தடவையாக பாய் என்றாள்.  “சரிம்மா” என்றார் அமானுல்லா. ஒரு மறுப்பும் இல்லாமல் சரி என்றதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. மடியில் கனம் இல்லாதவன் ஏன் என்று கேட்டிருக்க மாட்டானா? இப்போது நாலே நாளில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

வேலைக்கு வருகிற பாப்பம்மாள் வெந்நீர்ப் பானையை இறக்கிவிட்டு அந்தப் பக்கம் வந்தாள். இரண்டு வீடு தள்ளி மேட்டில் அவள் வீடு. புவனா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து நீ என்ன பார்த்த? பயப்படாம சொல்லு.”

“நான் என்னத்த கண்டேன் தாயி. நாலு மணி இருக்கும். மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. நாலு நாளா வெளிய எடுக்காத ஐயா வண்டி வந்து நின்னுச்சு. ரெண்டு ஹாரன் அடிச்சாரு. எப்பவும் பாய் வருவாருல்ல, அதான் நான் பாட்டுக்கு இருந்துட்டேன். பொறவு மறுக்கா ரெண்டு. மறுக்கா ரெண்டு. அடிச்சுக்கிட்டே கெடந்தாரு.”

“பாய் கடையில இல்லியா?”

“இல்லாம? நேத்து மழைக்கு ரோட்டுல ஒரு ஈ காக்கா கெடையாது. பாய் கடையில ஒத்தையிலதான் நின்னாரு. கொடைய விரிச்சுக்கிட்டு நடு ரோடு வரைக்கும் வந்தாரு. வந்து நின்னாரு. திரும்பிப் போயிட்டாரு. நான் அப்புறம் துணி எடுக்கப் பின்பக்கம் போயிட்டேன்.”

புவனா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.  

“வண்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?”

“பாய்கிட்டதான்” என்றான் அகிலன், குரல் இறங்கி.

“கையில கட்டு வேற போட்டிருக்காருல்ல? வரும்போதே பார்த்தேன்.”

இந்த நேரத்தில் பாடை கட்டுகிறவர்கள் மூங்கிலோடு கேட்டுக்குள் வந்தார்கள். வீட்டுக்கு முன்னால் இருப்பது பத்தடி முற்றம். அதில் பாதி ஷெட். வண்டியை வெளியே எடுத்தால்தான் மூங்கிலைக் கிடத்த இடம். நாலு பேர் வண்டியின் முதுகில் கை வைத்தார்கள்.

“யாரும் தொடாதீங்க!” புவனா குறுக்கே போய் நின்றாள். “போலீஸு வந்து பார்க்கட்டும். அப்புறம் எடுக்கலாம்.”

 ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

“அக்கா, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?” அகிலன் அவள் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தான். “போலீஸு வந்தா அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அறுப்பாங்க. தெரியுமா தெரியாதா? இன்னிக்குப் புதன். பன்னெண்டுக்கு ராகுகாலம். அதுக்குள்ள எடுக்கணும்.”

“அறுத்தா அறுக்கட்டும். எங்கப்பன் ஹாரன் அடிச்சு அடிச்சுச் செத்திருக்காருடா.” அவள் கேட்டுப் பக்கம் கையை நீட்டினாள். “அந்தாளை வரச் சொல்லு. என் மூஞ்சிக்கு நேரா பதில் சொல்லட்டும். பதில் சரியா இருந்தா எடுங்க. இல்லாட்டி நான் போன் போடத்தான் போறேன்.”

அமானுல்லா விடிந்ததிலிருந்து கேட்டுக்கு வெளியே, பந்தல் துணிக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். தலையில் தொப்பி. கக்கத்தில் குடை. வலது கையில் உள்ளங்கையைச் சுற்றி வெள்ளைத்துணி. கூப்பிட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“கையில என்ன பாய்?”

“கண்ணாடி கிழிச்சிருச்சும்மா. பக்கத்துக் கண்ணாடிய நான்தான் உடைச்சேன். கூப்பிட்டுப் பார்த்தேன், அண்ணன் அசையல. கைய உள்ள விட்டுத் தொட்டுப் பார்த்தேன்.”

“சாவி எதுக்கு உங்ககிட்ட?”

“லைட்டு எரிஞ்சுக்கிட்டே கெடந்துச்சு. பேட்டரி எறங்கிரும்னு அணைச்சு எடுத்து வச்சேன்.” இடது கையால் சட்டைப்பையில் துழாவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். செத்தவனின் வண்டிக்குப் பேட்டரி இறங்கினால் என்ன, இறங்காவிட்டால் என்ன என்று புவனாவுக்குக் கேட்கத் தோன்றியது.

“அந்தப் பார்சல்?”

வண்டி இருக்கையில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. உடைந்த கண்ணாடி வழியாக அவள் முன்னமே பார்த்து வைத்திருந்தாள். அனுப்பினவர் கோயம்புத்தூர் முகவரி. அப்பா பேருக்குக் கீழே அமானுல்லாவின் போன் நம்பர். விற்பனைப் பத்திரம்தான் உள்ளே இருக்கும் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். கையை விட்டு எடுத்து, எல்லாரும் பார்க்கட்டும் என்று முற்றத்து நடுவில் வைத்துப் பிரித்தாள்.

செய்தித்தாளில் பொதிந்து, பிறை மாதிரி வளைந்த இரும்புத் துண்டுகள் நாலு.

“பிரேக் ஷூ” என்றார் பாடை கட்ட வந்தவர்களில் ஒருவர். அவர் ஒர்க்‌ஷாப்காரர்.

“ரெண்டு மாசமா தேடி அலைஞ்சோம்மா. இந்த வண்டிக்கு எங்கயும் கெடைக்கல. அந்தக் கோயம்புத்தூர்க்காரரை அதுக்குத்தான் கூட்டியாந்தேன். உங்கிட்ட சொல்ல வேண்டாம்னாரு அண்ணன். பிரேக்கு பிடிக்கலைன்னு தெரிஞ்சா வண்டியவே எடுக்க விடமாட்டா என் மக அப்படின்னாரு. நேத்து அதை வாங்கத்தான் கூரியர் ஆபீஸுக்குப் போயிருக்காரு.”

புவனாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. அதை மட்டும் அவள் விடுவதாக இல்லை.

“ஹாரன் கேட்டுச்சா இல்லையா?”

“கேட்டுச்சு.”

“கொடைய எடுத்துக்கிட்டு நடு ரோடு வரைக்கும் வந்தீங்களா?”

“வந்தேன்.”

“அப்புறம் ஏன் திரும்புனீங்க? சொல்லுங்க பாய். ஏன் திரும்புனீங்க?”

அமானுல்லா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. எழுபது வயசு ஆளின் கலங்கிய கண்கள் அவள் முகத்திலேயே நின்றன. அவர் வாயைத் திறப்பதற்குள்,  வெள்ளிக்கிழமை தான் போனில் சொன்னது முழுசும் ஒரு எழுத்துக் குறையாமல் அவள் காதில் திரும்ப விழுந்தது. வண்டிப் பக்கமே வரக் கூடாது.

அவர் அப்பாவிடம் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அப்பா அத்தனை தடவை ஹாரன் அடித்திருக்க மாட்டார். அமான் வருவான், இதோ வருவான் என்று மழையில் காத்திருந்திருக்கிறார். கை பிரேக் இல்லாத வண்டியை, கல் வைக்க ஆளில்லாமல் ரோட்டிலும் விட முடியாது. கடைசியில் வேறு வழி இல்லாமல் திருப்பி, எஞ்சின் பலத்தில் மேட்டைத் தாண்டி, தானே மூக்கை உள்ளே விட்டிருக்கிறார். பிரேக் பிடிக்கவில்லை. பாசி வழுக்கிவிட்டது. வண்டியை யாரும் தள்ளவில்லை. தள்ள ஆள் வராததுதான் நடந்தது.

“கடையில டூரிஸ்ட்டுங்க வந்துட்டாங்கம்மா” என்றார் அமானுல்லா. “ஒரு வேன் நெறைய. யாவாரத்தை விட்டுட்டு வர மனசில்ல. அண்ணன் செத்த நேரம் காத்திருப்பாருன்னு இருந்துட்டேன். என் தப்புதான்.”

“வேனா?” பாப்பம்மாள் வாயைத் திறந்தாள். “நேத்து எங்க வேனு...” அமானுல்லா அவள் பக்கம் திரும்பினார். பாப்பம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

அகிலனுக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. “யாவாரமா? உள்ள ஒரு மனுசன் சாகக் கெடக்கான், உமக்கு யாவாரம் கேக்குதா? நாப்பது வருசம் இந்த வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு!” அவன் குரல் உடைந்தது. “போங்க. போயிருங்க இங்கருந்து. சுடுகாட்டுப் பக்கமும் வந்துராதீங்க.”

“சரிப்பா” என்றார் அமானுல்லா.

அதே சரி. புவனா வாயைத் திறந்தாள்.  சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்றார்கள், அகிலன் நின்றான், கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா கிடந்தார். இத்தனை பேருக்கு முன்னால் நான்தான் என்று எப்படிச் சொல்வது? ஊரையே போலீஸில் ஏற்ற இருந்தவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அமானுல்லா செருப்பை மாட்டிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, கடைக்குள் போனார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. நாலு பேர் வண்டியை இழுத்து ரோட்டோரத்தில் முதுகு கேட்டைப் பார்க்க நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். பாடை கட்டினார்கள். குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட்டார்கள். பன்னிரண்டு அடிக்க இருபது நிமிஷம் இருக்கும்போது சங்கு ஊதி அப்பாவைத் தூக்கிவிட்டார்கள். அகிலன் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான்.

தெருமுக்கு வரைக்கும்தான் பெண்கள் போகலாம். எதிர்க்கடையைத் தாண்டும்போது புவனா பார்த்தாள். அமானுல்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டு படியில் எழுந்து நின்றார். ஒரு அடி கீழே வைத்தார். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.

அவளால் அதற்குமேல் முடியவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு தம்பி முதுகுக்குப் பின்னால் ஓடினாள்.

“ஏலே அகிலா! வேனும் வரல, ஒண்ணும் வரல. நான்தான்டா மாமாவ வரக் கூடாதுன்னேன். நான்தான் போன்ல சொன்னேன்.”

சங்குச் சத்தம் காதைப் பிளந்தது. சட்டி எடுத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அகிலன் திரும்பவில்லை. கேட்டதா, கேட்கவில்லையா என்று அவன் நடையில் ஒன்றும் தெரியவில்லை. யாரோ இரண்டு பெண்கள் புவனாவை அணைத்துப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள்.

வீடு கழுவி, குளித்து முடித்தபோது மணி இரண்டரை. மலை உச்சியிலிருந்து மஞ்சு இறங்கி, அதன் பின்னாலேயே மழையும் வந்துவிட்டது. புவனா ஈரத்தலையோடு கேட்டுக்கு வந்தாள். ரோட்டோரத்தில் வண்டி நனைந்துகொண்டிருந்தது. உடைந்த கண்ணாடி வழியாகச் சாரல் அடித்து இருக்கையில் தண்ணீர் கட்டியிருந்தது.

“விடு தாயி, ஆம்பளைங்க வந்து தள்ளுவாங்க” என்றாள் பாப்பம்மாள்.

புவனா கேட்கவில்லை. முகத்தைத் திறந்து உள்ளே ஏறினாள். ஸ்டியரிங் அவளோடு உள்ளே வந்து மடிக்கு எதிரே நின்றது. சின்னப்பிள்ளையில் அப்பா மடியிலிருந்து இதைப் பிடித்திருக்கிறாள். இருக்கை ஈரம் சேலைக்குள் ஏறியது. பீடி வாசமும் தைல வாசமும் இன்னும் போகவில்லை. அப்பா கடைசியாக உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, அப்பா கடைசியாகப் பார்த்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு சாவியைத் திருகினாள்.

பேட்டரியில் உயிர் இருந்தது. ரெண்டு ஹாரன் அடித்தாள்.

எதிர்க்கடையில் ஒன்றும் அசையவில்லை. மழை மட்டும் தகரக்கூரையில் அடித்தது. மறுபடி ரெண்டு அடித்தாள். ஒவ்வொரு தடவையும் வராதபோது அப்பாவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைப் படியில் ஒரு கறுப்புக்குடை விரிந்தது. அது இறங்கி ரோட்டுக்கு வந்தது. நடு ரோட்டில் நின்றது.

புவனா உடைந்த கண்ணாடிப் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள்.

“மாமா!” என்று கத்தினாள். “முட்டைய அடைவைக்கணும் மாமா.”

குடை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு வந்தது. அமானுல்லா குடையை மடக்கிச் சுவரோரமாகச் சாத்தினார். சக்கரத்துக் கல்லைக் காலால் நகர்த்தினார்.

“ஸ்டியரிங்க நேராப் புடிச்சுக்கம்மா. மேடு தாண்டுனதும் பிரேக்கை விட்டு விட்டு மிதி. வெரசா மிதிச்சிராத.”

“சரி மாமா.”

அவர் மூக்கில் கை வைத்துத் தள்ளினார். முன்கண்ணாடி ஒன்றுதான் நடுவில். மழையில் அவர் முகம் கலைந்து கலைந்து தெரிந்தது. வண்டி பலகையில் ஏறி, ஒரு நொடி தயங்கி, மேட்டைத் தாண்டிப் பின்பக்கமாக ஷெட்டுக்குள் இறங்கியது. அவர் கையை எடுக்காமல் கூடவே நடந்து வந்து, குனிந்து கல் வைத்துவிட்டு, மறுபடி கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். கட்டுத்துணி நனைந்து சிவப்பு லேசாகக் கண்ணாடியில் வழிந்தது.

வண்டி நின்றுவிட்டது. அவர் கையை எடுக்கவில்லை. அவளும் கதவைத் திறக்கவில்லை.